பச்சைக்குள் ஒரு பச்சை

கீழாநெல்லி பறித்துவரச் சொல்லி ஒருவரை வயல் வரப்புக்கு அனுப்பிப் பாருங்கள். பழக்கமில்லாதவர் என்றால் அரைமணி நேரம் குனிந்து தேடிவிட்டு, "எல்லாம் புல்லாத்தான் இருக்கு" என்று வெறுங்கையோடு திரும்புவார். பழகியவர் அதே வரப்பில் பேசிக்கொண்டே நடப்பார். நடக்கிற வேகம் குறையாமலே இங்கே இரண்டு, அங்கே நான்கு என்று பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வார். வரப்பும் ஒன்று, வெயிலும் ஒன்று, இருவருக்கும் கண்பார்வையிலும் குறையில்லை. ஒருவருக்குப் பளிச்சென்று தெரிகிற செடி இன்னொருவருக்கு ஏன் தெரிவதில்லை?

கீழாநெல்லி கிடைக்காவிட்டால் பெரிய நட்டம் இல்லை. அடுத்த வரப்பில் கிடைக்கும். தேடுகிற செடி மிக அரியதாகவும், அதன் வேர் கையில் கிடைத்தால் அந்த மாதச் செலவே தீர்ந்துவிடும் என்றும் இருந்தால்? அப்படி ஒரு தேடல் முந்நூறு ஆண்டுகளாக ஓரிடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரில், ஒவ்வொரு செப்டம்பரிலும் மக்கள் பையும் சிறு கொத்துமாக காட்டுக்குள் போகிறார்கள். அவர்கள் தேடுவது ஜின்செங். ஊர்ப் பேச்சில் அது வெறும் 'சாங்'.

நம் ஊர் மருந்துக் கடைகளில் சத்து மாத்திரை அட்டைகள் மீது ஜின்செங் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அமுக்கராங் கிழங்கை 'இந்திய ஜின்செங்' என்று விற்பதும் உண்டு. அமுக்கரா கத்தரிக்காயின் குடும்பம். ஜின்செங்குக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. உண்மையான ஜின்செங்கில் இரண்டு இனங்கள் பெயர்பெற்றவை. ஒன்று கொரியாவிலும் மஞ்சூரியாவிலும் வளர்வது. மற்றது வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளுக்கே உரியது. இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது.

முழ உயரச் செடி

முதலில் செடியைப் பார்த்துவிடுவோம். நிலத்திலிருந்து ஒரே ஒரு தண்டு எழும்பும். நன்கு முதிர்ந்த செடிகூட ஒரு முழத்தைப் பெரிதாகத் தாண்டாது. தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து சில காம்புகள் குடைக்கம்பிகளைப்போல் விரியும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் விரித்த கையைப்போல் ஐந்து சிற்றிலைகள்: மூன்று பெரியவை, காம்பை ஒட்டி இரண்டு சிறியவை. தேடுபவர்கள் இந்தக் காம்பைக் 'கவர்' என்ற பொருளில்தான் சொல்வார்கள். ஒரு கவர் என்றால் குழந்தை, இரண்டு என்றால் சிறுவன், மூன்றும் நான்கும் முதிர்ந்த செடி. கவர்கள் பிரியும் அதே இடத்தின் நடுவிலிருந்து பூக்காம்பு ஒன்று எழும். ஆகஸ்டு முடியும்போது அதன் தலையில் சிவந்த பழங்கள் கொத்தாக நிற்கும்.

அடையாளம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றும். காட்டுக்குள் போனால்தான் சிக்கல் புரியும். ஐந்து சிற்றிலை கொண்ட வர்ஜீனியா கொடி தரையெங்கும் படர்ந்திருக்கும். ஹிக்கரி, பக்கை மரங்களின் இளங்கன்றுகளும் தொலைவிலிருந்து ஜின்செங்போலவே தெரியும். மரங்களின் கீழே ஒளி மங்கல். சரிவு வழுக்கும். சருகுக்குள் சருகின் நிறத்திலேயே காப்பர்ஹெட் பாம்பும், வாலை ஆட்டி எச்சரிக்கும் கிலுகிலுப்பைப் பாம்பும் கிடக்கலாம். ஆயிரக்கணக்கான ஏக்கர் பச்சைக்குள் ஒரு முழப் பச்சையைத் தேட வேண்டும்.

முதலில் சரிவு

தேர்ந்தவர்கள் செடியைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே மலையின் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறார்கள். எந்தச் சரிவு வடக்கையும் கிழக்கையும் பார்க்கிறது என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். நம் தலைக்கு நேர் மேலே ஆண்டுக்கு இருமுறை சூரியன் கடக்கிறது. அதனால் மலையின் வடமுகத்துக்கும் தென்முகத்துக்கும் வெயிலில் மிகப் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அப்பலாச்சிய மலைகள் நிலநடுக்கோட்டிலிருந்து வெகு வடக்கே இருக்கின்றன. அங்கே சூரியன் ஆண்டு முழுதும் தென்வானில் சாய்ந்தே போகும். தென்முகச் சரிவுகள் காய்ந்து, ஓக்கும் பைனும் நிற்கிற வறண்ட காடாகின்றன. வடமுகச் சரிவுகளில் ஈரம் தங்குகிறது. சருகு மெல்ல மக்கிக் கறுத்த மண்ணாகிறது. கிழக்கு முகத்தில் காலை வெயில் மட்டும் விழும். பிற்பகலின் சூடு எட்டாது. நிழலில் வாழும் ஜின்செங்குக்கு இந்த இரண்டு முகங்களும் போதும்.

இரண்டாவது கேள்வி, மேலே என்ன மரம்? சர்க்கரை மேப்பிள், டியூலிப் பாப்லர், பாஸ்வுட் ஆகிய மரங்கள் இருந்தால் கால்கள் தாமாக மெதுவாகும். காரணம் சுண்ணாம்புச் சத்து. இந்த மரங்களின் இலைகளில் கால்சியம் நிறைய இருக்கிறது. அவை உதிர்ந்து மக்கும்போது மேல்மண்ணுக்கு அதைத் திருப்பித் தருகின்றன. ஜின்செங் கால்சியம் மிகுந்த மண்ணில் செழிக்கும்.

மூன்றாவது, காலடியில் யார் குடியிருக்கிறார்கள்? உடைத்தால் சிவந்த சாறு கசியும் பிளட்ரூட், கறுத்த காம்புள்ள மெய்டன்ஹேர் பெரணி, சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடி, பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை. இவை எல்லாம் ஜின்செங் விரும்பும் அதே ஈரத்தையும் மண்ணையும் விரும்புகிறவை. கிலுகிலுப்பைப் பெரணி என்று ஒன்று உண்டு. அதற்கு மலைமக்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயரே 'சாங் காட்டி' என்பதுதான். அது கைகாட்டும் திசையில் ஜின்செங் இருக்கும் என்பது நம்பிக்கை. கைகாட்டுவது மெய்யல்ல, இருவருக்கும் பிடித்த மண் ஒன்று என்பது மெய்.

இப்படி மூன்று சல்லடையில் சலித்த பிறகு மிஞ்சுவது ஒரு சரிவின் ஒரு மடிப்பு. அங்கேதான் கண்ணுக்கு வேலை.

கண்ணுக்குள் ஒரு படம்

நெதர்லாந்தின் பைன் காடுகளில் பட்டாணிக் குருவிகள் எந்தப் பூச்சியை எப்போது தின்கின்றன என்று லூக் டின்பெர்கன் என்ற விலங்கியலாளர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. ஒரு புதிய வகைப் புழு காட்டில் தோன்றியதும் குருவிகள் அதைத் தின்னத் தொடங்கவில்லை. புழு கண் முன்னே நெளிந்தாலும் சில நாட்கள் அதைக் கவனிக்காமலே இருந்தன. பிறகு திடீரென்று ஒரு கட்டத்தில் அந்தப் புழுவையே பொறுக்கிப் பொறுக்கித் தின்றன. புழுவின் எண்ணிக்கை அவ்வளவு திடீரென்று பெருகிவிடவில்லை. மாறியது குருவியின் பார்வை. சில முறை தற்செயலாகக் கொத்தித் தின்ற பிறகு, இதன் நிறம் இப்படி, வளைவு இப்படி என்று ஒரு படம் அதன் மூளையில் பதிந்துவிட்டது என்று டின்பெர்கன் விளக்கினார். அவர் இறந்த பிறகு 1960இல் அந்த ஆய்வு வெளியானது. அந்தப் படத்துக்குத் தமிழில் 'தேடுபடிமம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நம் கண் வழியே ஒவ்வொரு நொடியும் வந்து விழுகிற காட்சி முழுவதையும் மூளை ஆராய்வதில்லை. அதற்கு அவ்வளவு வலு கிடையாது. எதைத் தேடுகிறோமோ அதன் இரண்டு மூன்று அடையாளங்களை மட்டும் முன்னே நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் பின்னே தள்ளிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் மஞ்சள் சட்டை போட்ட பிள்ளையைத் தேடும் தாய்க்கு மஞ்சள் நிறம் மட்டும் கண்ணில் குத்துவது இப்படித்தான்.

ஜின்செங் தேடுபவருக்கும் முதல் செடி கிடைப்பதுதான் கடினம். அது கிடைத்ததும், ஏற்கெனவே தாண்டிவந்த இடத்தில் இன்னும் மூன்று நிற்பது தெரியும். பழகியவர்கள் இலையைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே மட்டத்தில் தட்டையாக விரிந்த அந்தக் குடை அமைப்பைப் பார்க்கிறார்கள். செப்டம்பரில் இன்னொரு உதவியும் கிடைக்கிறது. மற்ற செடிகள் பச்சையாக இருக்கும்போதே ஜின்செங் இலை வெளிறிய மஞ்சளாக மாறத் தொடங்கும். அந்த மஞ்சள் வேறு எந்தச் செடியிலும் இல்லை என்று மலைமக்கள் அடித்துச் சொல்வார்கள். தேடுபடிமம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். வரப்பில் கீழாநெல்லி பறிப்பவரும் அதையேதான் செய்கிறார்.

கழுத்தில் எழுதிய வயது

இப்போது ஒரு செடி முன்னே உட்காருவோம். 2024 செப்டம்பர், மேற்கு வர்ஜீனியாவில் ஒரு வடமுகச் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கவர். நடுவில் பதினைந்து பழம், பளபளவென்று சிவப்பாக. தோண்டலாமா?

சட்டம் கேட்பது வயதை. ஏற்றுமதிக்குப் போகும் காட்டு ஜின்செங் குறைந்தது ஐந்து ஆண்டு வளர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி. மரத்தை வெட்டினால் வளையம் எண்ணலாம். வேரைப் பிடுங்காமல் ஒரு செடியின் வயதை எப்படி அறிவது?

விரல் நுனியால் தண்டின் அடியிலுள்ள சருகை விலக்குங்கள். மேல்மண்ணை மெதுவாகத் தள்ளுங்கள். தண்டு நேராக வேருக்குள் இறங்காது. தண்டுக்கும் வேருக்கும் இடையே முறுக்கிய சிறு கயிறுபோல ஒரு பகுதி இருக்கும். அதற்குக் 'கழுத்து' என்று பெயர். தாவரவியலின்படி அது மண்ணுக்குள் வளரும் தண்டு. கழுத்தின் இரு பக்கமும் மாறி மாறிச் சிறு குழிகள் தெரியும், மிளகு அளவில். எண்ணிப் பாருங்கள். நம் செடியில் பதினொன்று.

ஒவ்வொரு குழியும் ஓராண்டின் வடு. பனிக்காலம் வருமுன் ஜின்செங்கின் தண்டும் இலையும் காய்ந்து கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஒரு வடு மிஞ்சும். அதற்குச் சற்று மேலே, எதிர்ப்பக்கத்தில், அடுத்த ஆண்டுக்கான மொட்டு காத்திருக்கும். வசந்தத்தில் அதிலிருந்து புதுத் தண்டு எழும். இப்படி ஆண்டுக்கு ஒரு வடுவாகக் கழுத்து நீளும். இந்த ஆண்டின் தண்டு இன்னும் விழவில்லை. எனவே பதினொரு வடுவோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். பன்னிரண்டு கோடை கண்ட செடி இது. பன்னிரண்டு கோடையைப் பின்னோக்கி எண்ணினால், இது முளைத்தது 2013 வசந்தத்தில்.

கணக்கு அங்கே நிற்பதில்லை. ஜின்செங் விதை நிலத்தில் விழுந்ததும் முளைக்காது. விழும்போது அதற்குள் இருக்கும் கரு இன்னும் முழு வளர்ச்சி அடையாத நிலையில் இருக்கும். ஒரு பனிக்காலம், ஒரு கோடை, மீண்டும் ஒரு பனிக்காலம் என்று ஈரச் சருகின் கீழே கிடந்து, பதினெட்டு மாதத்துக்கு மேல் கழிந்த பிறகே முளைவிடும். அப்படியென்றால் இந்தச் செடியின் விதை 2011 இலையுதிர் காலத்தில் விழுந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில் செடி தரைக்கு மேலே வராமல் வேராகவே உறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே பன்னிரண்டு என்பது குறைந்த அளவு. உண்மை வயது கூடுதலாக இருக்கலாம். ஐம்பது வடுவைத் தாண்டிய செடிகளும் உண்டு.

மண்ணை மறுபடி மூடிவிட்டால் செடிக்கு எந்தத் தீங்கும் இல்லை. எனக்கு இந்தத் தாவரத்தில் மிகவும் பிடித்தது இதுதான். தன் வாழ்க்கைக் குறிப்பை அது மேல்மண்ணிலேயே, யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. விரல் நுனியும் பொறுமையும் இருந்தால் படித்துவிடலாம்.

இன்னொரு கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், உலர்ந்த காட்டு ஜின்செங் சேர்க்க முந்நூறு வேர் தேவைப்படலாம். ஒவ்வொன்றும் சராசரி பத்து ஆண்டு என்று கொண்டால், அந்தப் பையில் இருப்பது மூவாயிரம் ஆண்டு வளர்ச்சி. நல்ல ஆண்டுகளில் அந்தப் பைக்குப் பல நூறு டாலர் கிடைக்கும். நிலக்கரிச் சுரங்கம் மூடிய ஊர்களில் பிள்ளைகளின் பள்ளிக் காலணியும் பனிக்கால உடையும் இந்தப் பணத்தில்தான் வந்தன.

இரண்டு கண்டம், ஒரே குடும்பம்

வாங்குவது யார்? பெரும்பாலும் சீனமும் ஹாங்காங்கும். அமெரிக்க மலைக்காட்டுச் செடி சீன மருந்துக் கடையில் எப்படி இடம் பிடித்தது என்பது தனிக்கதை.

சீனப் பேரரசர் காங்ஷிக்காக மஞ்சூரியாவை வரைபடமாக்கச் சென்ற ஜார்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி, 1709இல் அங்கே ஜின்செங்கைக் கண்டார். அதை வரைந்து, குணங்களை விவரித்துக் கடிதம் எழுதினார். உலகில் வேறெங்காவது இது வளருமென்றால் அது கனடாவாக இருக்கலாம், காடும் மலையும் அங்கே இதேபோல் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றும் அதில் குறிப்பிட்டார். மண்ணைப் பார்த்துச் செடியைக் கணிப்பது என்று சற்று முன்னே பார்த்தோமே, அதையே ஒரு கண்டத்தின் அளவில் செய்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தைப் படித்த லஃபித்தோ என்ற இன்னொரு துறவி, மான்ட்ரியால் அருகே மோஹாக் என்ற பழங்குடி மக்களிடையே வாழ்ந்துகொண்டிருந்தார். மாதக்கணக்கில் தேடினார். கடைசியில் 1716இல், ஒரு வீட்டின் பக்கத்திலேயே, சிவந்த பழக்கொத்து கண்ணில் பட்டது. அதை ஒரு மோஹாக் பெண்ணிடம் காட்டியபோது, தங்கள் வழக்கமான மருந்துகளில் ஒன்று என்று அவர் அடையாளம் சொன்னார். ஐரோப்பியர் 'கண்டுபிடித்த' செடி, அந்த மண்ணின் மக்களுக்குப் பழைய உறவு. மனித உருவை நினைவூட்டும் பெயரைச் சீனரும் மோஹாக் மக்களும் தனித்தனியே அந்த வேருக்கு வைத்திருந்ததும் லஃபித்தோவைத் திகைக்க வைத்தது.

இரு கண்டங்களும் ஒரு காலத்தில் நிலத்தால் இணைந்திருந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். 19ஆம் நூற்றாண்டில் ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே, ஜப்பானின் செடிகளையும் கிழக்கு அமெரிக்கச் செடிகளையும் ஒப்பிட்டு, இப்படிப் பல இரட்டையர் இருப்பதை 1859இல் விரிவாகக் காட்டினார். வட அரைக்கோளத்தைச் சுற்றி ஒரு காலத்தில் படர்ந்திருந்த மிதவெப்பக் காட்டின் இரண்டு துண்டுகள்தான் இன்றைய கிழக்காசியக் காடும் அப்பலாச்சியக் காடும். குளிரும் வறட்சியும் நடுப்பகுதியை அழித்துவிட்டன.

வணிகம் சூடுபிடித்ததும் அவசரமும் கூடியது. கனடாவில் பருவம் பாராமல் தோண்டி, அடுப்பில் வைத்து வேகமாக உலர்த்திய வேரைக் கப்பலேற்றினார்கள். 1752 வாக்கில் சீன வணிகர்கள் அதை வேண்டாம் என்று தள்ள, சந்தை சரிந்தது. 'ஜின்செங்போல் விழுந்தது' என்று கனடியப் பிரெஞ்சு மொழியில் ஒரு பழமொழியே பிறந்தது. ஆனாலும் விடுதலை பெற்ற அமெரிக்கா 1784இல் சீனாவுக்கு அனுப்பிய முதல் வணிகக் கப்பலான 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா'வில் போன முக்கியச் சரக்கு ஏறத்தாழ முப்பது டன் ஜின்செங்.

அசலும் வட்டியும்

இப்படித் தோண்டினால் தீராதா? ஒரு கற்பனைத் திட்டைக் கொண்டு பார்ப்போம். ஒரு சரிவில் நூறு செடி. முளைப்பதும் சாவதும் போக, ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் கூடுகிறது என்று கொள்வோம். நூறு செடி அசல், இரண்டு வட்டி.

ஆண்டுக்கு இரண்டு செடி மட்டும் எடுப்பவர் வட்டியில் வாழ்கிறார். அவர் பேரனும் அங்கே வந்து இரண்டு எடுக்கலாம். ஆண்டுக்கு ஐந்து எடுத்தால்? முதலாண்டு நூற்றிரண்டில் ஐந்து போகத் தொண்ணூற்றேழு. அடுத்த ஆண்டு தொண்ணூற்று நான்கு. குறைவது கண்ணுக்கே தெரியாது. பத்தாம் ஆண்டு அறுபத்தேழு. அசல் குறையக் குறைய வட்டியும் குறைவதால் சரிவு வேகமெடுக்கும். இருபதாம் ஆண்டு இருபத்தேழு. இருபத்தாறாம் ஆண்டு ஒன்றும் இராது. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையே மூன்றே செடிதான் வேறுபாடு. அப்பா கண்ட திட்டு மகனுக்கு இல்லாமல் போக அது போதும்.

வட்டியைத் தின்ன இன்னொருவரும் உண்டு: வெள்வால் மான். அதைத் தின்ற ஓநாயும் பூமாவும் கிழக்கு அமெரிக்காவில் ஏறக்குறைய ஒழிக்கப்பட்ட பிறகு மான்கள் பெருகின. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்ராவும் மேரி ஆன் ஃபுரேடியும் காட்டு ஜின்செங் திட்டுகளைப் பல ஆண்டு கவனித்து, 2005இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். மான் மேய்ச்சலால் மட்டுமே திட்டுகள் சுருங்கிக்கொண்டிருந்தன. ஒரு திட்டு நூறாண்டு தாக்குப்பிடிக்க ஏறத்தாழ எண்ணூறு செடி வேண்டும் என்று அவர்களுடைய கணக்கு காட்டியது. அவர்கள் எண்ணிப் பார்த்த திட்டுகளில் ஒன்றுகூட அந்த அளவை எட்டவில்லை. மான் வயிற்றுக்குள் போன விதையும் பிழைப்பதில்லை. விதை பரப்பும் வேலையைச் செய்வது வனப் பூங்குருவி. பழத்தை விழுங்கிச் சிறிது நேரத்தில், சற்றுத் தள்ளிப் போய், விதையைக் கேடில்லாமல் கக்கிவிடும்.

மெக்ரா இன்னொன்றும் செய்தார். அருங்காட்சியகங்களில் தாளில் ஒட்டிப் பாதுகாத்த பழைய உலர்செடிகளை அளந்தார். காலம் செல்லச் செல்லச் செடிகள் உருவில் சிறுத்து வந்திருந்தன. பெரியவற்றைத் தேடித் தேடிப் பிடுங்கினால் மிஞ்சுவது சிறியவைதானே.

தெற்கு அப்பலாச்சியாவின் செரோக்கீ பழங்குடி மருத்துவர்களிடம் ஒரு முறை இருந்ததை, ஜேம்ஸ் மூனி என்ற ஆய்வாளர் 1891இல் பதிவு செய்திருக்கிறார். ஜின்செங் தேடிப் போகும் மருத்துவர் முதலில் காணும் மூன்று செடியைத் தொடாமல் கடப்பார். நான்காவதன் முன் நின்று, உன் உடலில் சிறிது எடுத்துக்கொள்ள அனுமதி கொடு என்று வேண்டுவார். தோண்டிய குழியில் செடிக்கு விலையாக ஒரு மணியைப் போட்டு மூடுவார். அதற்குப் பிறகே கண்டதை எடுப்பார். அது வழிபாட்டு முறை. ஆனால் அந்த முறையின்படி நடந்தால், நான்கு செடிகூட இல்லாத சரிவில் யாரும் எதையும் தோண்ட முடியாது.

தோட்டத்தில் வளர்த்தால் என்ன?

வளர்க்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மாரத்தான் கவுன்டியில் பந்தல் துணியின் கீழே வயல் வயலாக ஜின்செங் விளைகிறது. மூன்று நான்கு ஆண்டில் தோண்டுகிறார்கள். ஆனால் உழுத மண்ணில், உரம் தின்று, வேகமாகத் தடித்த அந்த வேர் கேரட்டைப்போல் மழுங்கலாக இருக்கும். காட்டு வேர் கல்லுக்கும் வேருக்கும் நடுவே நெளிந்து, கவட்டையாகப் பிரிந்து, நெருக்கமான வளையங்களோடு வளரும். நீண்ட கழுத்தும் அந்த வளையங்களும்தான் வயதுக்குச் சான்று. சந்தை விலை கொடுப்பது அவற்றுக்கு. காட்டு வேரின் விலையில் தோட்ட வேர் சிறு பங்கே பெறும். நெருக்கி நட்டால் பூஞ்சை நோய் தாக்கும்; ஒருமுறை அறுவடை செய்த நிலத்தில் மறுபடி நட்டால் சரியாக வருவதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஜின்செங் மாத்திரை எதுவானாலும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. அமெரிக்க ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைப்பது சோதனையில் உறுதியாகியிருக்கிறது.

சாயம் ஏறிய வேர்

1975 முதல் அமெரிக்கக் காட்டு ஜின்செங், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வேர் நாட்டைவிட்டுப் போகக் கூடாது. காட்டு வேரை ஏற்றுமதிக்குத் தோண்ட அனுமதி உள்ளவை 19 மாநிலங்கள். பெரும்பாலானவற்றில் பருவம் தொடங்குவது செப்டம்பர் 1. அந்த நாளுக்குக் காரணம் பழம். ஆகஸ்டில் பச்சைப் பழத்தோடு பிடுங்கிய செடியின் விதை முளைக்காது.

தேசியப் பூங்காக்களில் தோண்டுவதே குற்றம். திருட்டைத் தடுக்க கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் ஒரு வழி கண்டார்கள். செடிகளின் அடிமண்ணை விலக்கி, கழுத்திலும் வேரிலும் அழியாத சாயப் பொடியைத் தடவி மூடிவிடுகிறார்கள். செடி அப்படியே வளரும். திருடிய வேர் வணிகரிடம் வந்து சேர்ந்தால் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். பிடிபட்ட வேர்களில் உயிருள்ளவற்றை மறுபடியும் மலையில் நடுகிறார்கள். பக்கத்திலுள்ள நான்டஹாலா, பிஸ்கா தேசியக் காடுகளில் முன்பு அனுமதிச் சீட்டு வாங்கித் தோண்டலாம். செடிகள் அருகிப்போனதால் 2021இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

சுண்டுவிரல் முதல் கணு

சட்டம் ஒவ்வொரு சரிவிலும் நிற்க முடியாது. தோண்டுபவர் கையில் இருக்கும் பதினைந்து பழம் என்ன ஆகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். பழத்தைச் சும்மா எறிந்தால் விதை சருகின் மேலே கிடந்து உலரும், அல்லது எலிக்கு இரையாகும். அதையே இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், சுண்டுவிரலின் முதல் கணு அளவுக்கு, அங்கேயே ஊன்றிச் சருகால் மூடினால் முளைக்கும் வாய்ப்பு பலமடங்கு கூடுகிறது. மெக்ராவும் மார்த்தா வான் டெர் வூர்ட்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, பழம் பழுக்கும்வரை காத்திருந்து, இப்படி விதையையும் ஊன்றிவிட்டுப் போகிறவர்களால் திட்டு அழிவதில்லை என்று காட்டியது. நல்ல தேடலாளர்கள் இதை ஆய்வு வருமுன்பே செய்து வந்தார்கள். இன்று பல மாநிலங்களில் அதுவே சட்டம்.

நம் செடிக்குத் திரும்புவோம். நான்கு கவர், பதினொரு வடு. அதை எடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. எடுப்பவர் நீண்ட ஸ்க்ரூடிரைவரால் சுற்றி மண்ணைத் தளர்த்துகிறார், கழுத்து ஒடியாமல் வேரை எடுக்கிறார், பழங்களைப் பிதுக்கி விதைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி ஊன்றுகிறார். 2024 செப்டம்பரில் ஊன்றிய அந்த விதை 2026 வசந்தத்தில் முளைக்கும். மூன்றே சிற்றிலை. சட்டம் சொல்லும் ஐந்து வயதை அது 2030 கோடையில் எட்டும். எடுத்த செடியைப்போலப் பதினொரு வடுவோடு அது அங்கே நிற்பது 2037 செப்டம்பரில்.